பெர்ட்டாவுக்கு நாற்காலி இல்லை

ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலுள்ள பர்பாங்க் ஊரில் கிறிஸ்துமஸ் ஆகஸ்டிலேயே வந்துவிடும். வெளியே தார் ரோடு இளகிக் கிடக்க, கார்ட்டூன் கம்பெனியின் இரண்டாவது மாடியில், ஏசி மக்கர் செய்யும் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு கானி வுகோவிச் பனி பெய்வதை வரைந்துகொண்டிருப்பாள். நெற்றி வியர்வை காகிதத்தில் விழாமலிருக்கத் தலையில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்வாள். ஐம்பத்து நாலு வயது, தனிக்கட்டை. படம் எடுப்பதற்கு முன்னால் கதையைக் காட்சி காட்சியாக வரைந்து பலகையில் குத்திவைப்பது அவள் வேலை.

நன்றாக ஓடின படத்துக்குப் பின்னால் ஒரு பண்டிகைப் படம் செய்து வீடியோ கேசட்டில் விற்பதென்றால், அதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. முதல் படத்தின் முடிவில் சாபம் தீர்ந்து, கலைமானாகக் கிடந்தவன் அழகான ராஜாவாகி, மாவுமில்காரர் மகள் எல்ஸ்பெத்தைக் கல்யாணமும் செய்துகொண்டாயிற்று. அழகான ராஜா எந்தக் குழந்தைக்கு வேண்டும்? எல்லாருக்கும் கலைமான்தான் வேண்டும். ஆகவே புதுக்கதையை முதல் படத்தின் நடுவில், ஒரு பனிக்காலத்தில் செருக வேண்டும். ராஜாவுக்குக் கிறிஸ்துமஸ் என்றாலே ஆகாது என்று வைக்க வேண்டும். முதல் படத்தில் சிரிப்பு மூட்டின முள்ளம்பன்றி ஒரு பாட்டுப் பாடியே தீர வேண்டும். யார் தடுத்தாலும் கேட்காது. படம் ஆரம்பிக்கும்போது, கல்யாணத்துக்கெல்லாம் அப்புறம் ஒரு பண்டிகை விருந்தில் எல்லாரும் உட்கார்ந்து, "அந்த வருஷம் ஞாபகம் இருக்கா?" என்று பேச்சை எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். நடுவில் என்ன கூத்து நடந்தாலும் கடைசியில் எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் சுவடில்லாமல் போய்விட வேண்டும். ஏனென்றால் முதல் படத்தில் அவர்கள் பேச்சே கிடையாது.

இந்தப் படத்தில் அப்படிப் புதிதாக வந்தவள் பெர்ட்டா. மெழுகுவர்த்தி விற்கும் நாடோடிப் பெண், பனியில் வழி தவறி ராஜாவின் கோட்டைக்குள் வந்து மாட்டிக்கொள்கிறாள். அம்மா இல்லாத எல்ஸ்பெத்துக்குத் தலை பின்னி விடுகிறாள். எண்ணெயில் பணியாரம் சுட்டு, ஒன்றில் மட்டும் ஒரு பாதாம் பருப்பை ஒளித்துவைத்து, "யாருக்கு வருதோ அவங்களுக்கு வருஷம் பூரா யோகம்" என்கிறாள். கதை எழுதினவர்கள் பெர்ட்டாவுக்கு ஒரு பாட்டும் இரண்டு தும்மலும்தான் கொடுத்திருந்தார்கள். தலைப்பின்னலும் பணியாரமும் பாதாமும் கானி சேர்த்தவை. அவை அவளுடையவை.

கானி சான் பீட்ரோவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் அம்மா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்தப் பணியாரத்தைத்தான் சுடுவாள், பாதாமை ஒளித்துவைத்து. கானி அதைச் சுட்டுக் கொடுத்த குழந்தை ஒன்றே ஒன்று. டாரன்ஸில் வாரன் லிண்ட்க்விஸ்ட் என்று ஒருவர். மனைவி ஷீலா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் டெனீஸ் என்று ஆறு வயதுப் பெண். கானி வாரனோடு மூன்று கிறிஸ்துமஸ் அந்த வீட்டில் வாழ்ந்தாள். மூன்று முறையும் பாதாம் டெனீஸுக்கே வந்தது, ஏனென்றால் எந்தப் பணியாரத்தில் இருக்கிறது என்று சுட்டவளுக்குத் தெரியாதா? அப்புறம் ஷீலா திரும்பி வந்தாள். வாரன் நல்ல மனிதர்தான். "சொல்லாம போயிடு கானி. சொன்னா புள்ள அழும்" என்றார். கானியும் சரியென்றாள். பெட்டியைக் காரில் ஏற்றும்போது டெனீஸ் புல்வெளியில் தண்ணீர்க் குழாயோடு அம்மாவைத் துரத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை கானி இருபது வருஷமாக மன்னிக்கவில்லை. ஒரு குழந்தையிடம் இத்தனை வருஷம் கோபமாக இருக்கலாமா என்றால், தனியாக இருப்பவர்களுக்கு அதற்கெல்லாம் நிறைய நேரம் உண்டு.

டைரக்டர் டக் மெர்ரில் முப்பதைத் தாண்டாத பையன். காலில் செருப்பு, கையில் எப்போதும் ஒரு சோடா. பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன் விருந்துக் காட்சியில் நின்றான்.

"கானி, இந்த மேஜையில ஒரு நாற்காலி கூடுதலா இருக்கே?"

"பெர்ட்டாவுக்கு."

"முதல் படத்துல பெர்ட்டா கல்யாணத்துக்கே வரலையே."

"இந்தப் படத்தை அப்ப நாம எடுக்கலையே, எப்படி வருவா?"

டக் சிரித்துவிட்டான். "விளையாடாதீங்க. நாற்காலி போட்டா, அவ இத்தனை நாள் எங்க இருந்தா, முதல் படத்துல ஏன் யாரும் அவளைத் தேடலன்னு புள்ளைங்க கேக்கும். எடுத்துடுங்க."

"உக்கார வேண்டாம். காலியா இருக்கட்டும். எல்ஸ்பெத் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா போதும்."

"காலி நாற்காலின்னா செத்துப்போயிட்டான்னு அர்த்தம். பண்டிகைப் படத்துல யாரும் சாகக் கூடாது."

கானி நாற்காலியை அழித்தாள். அழித்த இடத்தில் முள்ளம்பன்றியை உட்காரவைத்தாள்.

டக் அடுத்த பலகைக்கு நகர்ந்தான். "இன்னொண்ணு. பெர்ட்டா கிளம்புற காட்சி. எல்ஸ்பெத் தூங்கும்போதே சத்தமில்லாம போயிடட்டும். முதல் படத்துல இதுக்கு அடுத்த காட்சி ஞாபகம் இருக்கில்ல? எல்ஸ்பெத் வாசப்படியில நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பா. ஆரம்பிக்கறதே சிரிப்புலதான். அதனால இங்க அவ அழக் கூடாது."

கானி பென்சிலைக் கீழே வைத்தாள். "மாட்டேன்."

"என்ன மாட்டீங்க?"

"நாற்காலியை எடுத்துட்டேன். ஆனா புள்ள தூங்கறப்ப பெர்ட்டா போக மாட்டா. முழிச்சிருக்கும்போது, சொல்லிட்டுத்தான் போவா."

"சொன்னா அழுவாளே!"

"அழ மாட்டா. அது என் பொறுப்பு."

"அழுதா காட்சியையே தூக்கிடுவேன்."

"தூக்கிக்கோ ராசா."

வாய் சொல்லிவிட்டது, கை ஓடவில்லை. நாள் முழுக்க வரைந்தும் எல்லாத் தாளிலும் எல்ஸ்பெத் அழுதாள். உதட்டை மேலே வளைத்தாலும் கண் அழுதது. எல்ஸ்பெத் கல்யாண வயசுக்காரி என்பதே கானிக்கு மறந்துபோயிருந்தது. பிரியமான ஒருத்தி போகும்போது ஒரு குழந்தை எதற்காகச் சிரிக்கும்? மறந்துவிட்டதால் சிரிக்கலாம். தெரியாததால் சிரிக்கலாம். டெனீஸுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. இது கானிக்குத் தெரியாததில்லை, ஆனால் இதுவரை குழந்தையின் பக்கம் நின்று அதைப் பார்த்ததில்லை. காருக்குப் போகிறவள் குழந்தையின் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அது நிமிர்ந்திருக்கும். கூப்பிடவில்லை. நிமிரவில்லையே என்று இருபது வருஷம் கோபம்.

பழைய தாள்களைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தாள். எல்ஸ்பெத் வாசலில் நிற்கிறாள், உதடு பிதுங்குகிறது. பெர்ட்டா மூட்டையோடு பனியில் இறங்குகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், அந்த உதட்டைப் பார்க்கிறாள். உடனே தொப்பென்று பின்புறம் பனியில் பட விழுகிறாள். எழுந்து, மகாராணி போல வணக்கம் சொல்லி, மறுபடி விழுகிறாள். வேண்டுமென்றேதான். எல்ஸ்பெத் சிரிக்க ஆரம்பிக்கிறாள். பெர்ட்டா மரங்களுக்குள் மறையும்வரை விழுந்து விழுந்து போகிறாள். சிரிப்பு நிற்கவேயில்லை; அப்படியே முதல் படத்தின் சிரிப்போடு போய்ச் சேர்ந்துகொள்கிறது.

டக் கடைசித் தாள்வரை பார்த்துவிட்டு மறுபடி முதல் தாளுக்கு வந்தான். "சரி, இருக்கட்டும்" என்றான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பென்சில் படங்களைக் கோத்து, ஆபீஸ் ஆட்களே அப்போதைக்குக் குரல் கொடுத்து, ஊழியர் வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவந்து போட்டுக் காட்டுவார்கள். பெர்ட்டாவுக்குக் கானிதான் குரல். கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். பெர்ட்டா விழுந்தபோது குழந்தைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. ஒன்றுகூட அழவில்லை.

படம் முடிந்ததும் டக் முன்னால் நின்று கேட்டான். "உங்களுக்கு யாரை ரொம்பப் பிடிச்சுது?"

"கலைமான்!" "முள்ளம்பன்றி!" "முள்ளம்பன்றிதான்!"

"பெர்ட்டா?"

முன்வரிசையில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண் யோசித்தாள். "யாரு அது?"

"மெழுகுவர்த்தி விப்பாங்களே."

"ஓ, விழுந்தாங்களே, அவங்களா!" அந்தப் பெண் மறுபடி சிரித்தாள். பிறகு முள்ளம்பன்றிக்குப் பொம்மை வருமா என்று கேட்டாள்.

டக் வாயெல்லாம் பல்லாகக் கானியிடம் வந்தான். "கச்சிதம்! ஒருத்தரும் அவளைத் தேடல!"

"ஆமா, தேடல" என்றாள் கானி. கார் நிறுத்துமிடத்துக்குப் போய், கொதிக்கிற காருக்குள் ஜன்னலை இறக்காமல் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வருஷம் நிஜக் கிறிஸ்துமஸ் வந்தபோது கேசட் கடைகளில் அடுக்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கானி பணியாரம் சுட்டு, ஒன்றில் பாதாம் வைத்து, எது என்று தனக்கே தெரியாதபடி தட்டில் குலுக்கிப் போட்டாள். புதுக் கேசட்டைத் தொடவில்லை. முதல் படத்தைப் போட்டு, அந்தக் காட்சிவரை ஓட்டினாள். எல்ஸ்பெத் வாசற்படியில் நின்று சிரித்தாள். ஆறு வருஷமாக எல்லாரும் பார்த்த சிரிப்பு. எதற்காகச் சிரிக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கானிக்கு மட்டும் தெரியும். திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"சிரி, டெனீஸ்" என்றாள் டிவியிடம்.

ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தாள். பாதாம் அவளுக்கே வந்தது, எல்லா வருஷமும் போல.