நாற்பது கிட்டிக்கு ஒரு பை

பை வாங்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. எல்லா ஜிப்பையும் இழுத்துப் பார்க்கிறவர்கள், விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள். இரண்டு வகையிடமும் எனக்குப் பொறுமை கிடையாது. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாகப் பைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கார அருணா சிடுமூஞ்சி என்று தெருவுக்கே தெரியும்.

தேவசகாயம் அண்ணன் மூன்றாவது வகை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்தார். ஒரு பைக்குப் பத்து தடவை. நாலாவது பையிலேயே நான் பொறுமை இழந்தேன்.

"இன்னா அண்ணே, தோப்புக்கரணம் போடுறீங்க? இது பைக் கடை."

"கோச்சிக்காதம்மா. குனியற வேலை. குனிஞ்சா பை தலை மேல வந்து வுழுவுது, பாரு."

அண்ணனுக்கு எலி வேட்டைதான் தொழில். கதிர் முற்றுகிற நாளில் வயல்காரர்கள் கூப்பிடுவார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த பொறிக்குக் கிட்டி என்று பெயர். எலி நடக்கிற தடம் பார்த்துக் கிட்டியை ஊன்றி, பொரியும் கருவாடும் வைக்க வேண்டும். சாயங்காலம் நாற்பது தடவை குனிந்து வைப்பார். விடிந்ததும் நாற்பது தடவை குனிந்து எடுப்பார். அத்தனையையும் முப்பது வருடம் யூரியா சாக்கில் போட்டு இடது தோளிலேயே சுமந்திருக்கிறார். போன கார்த்திகையில் பிரம்மதேசம் பக்கத்து வயலில் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டுத்தான் தூக்கி வந்தார்கள்.

டிஸ்க் விலகியிருக்கிறது என்றாராம் டாக்டர். நாலு கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது, அதையும் இரண்டு தோளிலும் சமமாகச் சுமக்க வேண்டும், இன்னொரு முறை விலகினால் நடமாட்டம் சந்தேகம். அண்ணன் இதை ஞானோபதேசம் மாதிரி ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார்.

"வேற வேலைக்குப் போவலாமே," என்றேன்.

"எந்த வேலைலம்மா குனியாம, தூக்காம இருக்கறது? அதுவும் இல்லாம இது எனக்குப் புடிச்சிருக்குது. எலிக்கு நம்மளவிட மூளை ஜாஸ்தி. அதைத் தோக்கடிச்சிட்டு காலைல வரப்புல நடந்து வர்றேன் பாரு, அது ஒரு தனி கெத்து."

அதைக் கேட்ட பிறகு என்னால் சிடுசிடுக்க முடியவில்லை. பள்ளிக்கூடப் பை பிடரியில் இடித்தது. லேப்டாப் பையை எதிரில் உள்ள பழக்கடைத் தராசில் வைத்தோம். வெறும் பையே ஒரு கிலோ.

"அப்ப நான் சுமக்கறது பையையா, கிட்டியையா?" என்றார். நியாயமான கேள்விதான்.

கடைசியில் பரணில் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மலையேறுகிறவர்கள் மாட்டுகிற மெல்லிசான பை. அகலமான தோள்பட்டி, இடுப்பில் ஒரு பெல்ட், மார்புக்கு நேராக ஒரு கிளிப். அரைக் கிலோகூட இல்லை. அண்ணன் குனிந்தார். பை அசையவே இல்லை. உப்புமூட்டை ஏறிய குழந்தை மாதிரி முதுகோடு ஒட்டிக்கொண்டது. பத்தாவது தடவை நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"நாலு கிலோன்னா எத்தனை கிட்டி வரும்?" என்று கேட்டேன்.

சிரிப்பு குறைந்தது. "இருவது. பாதி வயலுக்குத்தான் வரும். எலி மீதிப் பாதிக்குப் பூடும், வயக்காரரு வேற ஆளைக் கூப்புடுவாரு. பாக்கலாம்மா."

மூன்று வாரம் கழித்து, வேலைக்குப் போகிற வழியில் மறுபடியும் வந்தார். கூடவே அவர் மனைவி சவுரியம்மாள். பையின் முன்பக்கம் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"இன்னா ஆச்சு அண்ணே?"

அண்ணன் ரோட்டைப் பார்த்தார். சவுரியம்மாள்தான் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"எலிம்மா. பொரியும் கருவாடும் உள்ளியே வெச்சி பைய ஆணில மாட்டிட்டாரு. எங்க வூட்டு எலி வந்து துன்னுட்டுப் பூட்டுது."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஊர்ல யாருக்கும் சொல்லிடாதம்மா," என்றார் அண்ணன், மெல்லிய குரலில்.

தைத்துக் கொடுக்கலாம் என்று, அவர் கழற்றி வைத்த பையை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"இதுவா நாலு கிலோ?"

"பை லேசா இருக்குதும்மா. மாட்டிக்கினா கனமே தெரியல."

"பைதான் அண்ணே லேசு. கிட்டி அதே கிட்டிதானே?" எனக்குக் கோபம் வந்தது. லேசான பை என்று தேடித் தேடி எடுத்துக் கொடுத்தவளே நான்தானே.

சவுரியம்மாள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "மீதி இருவதும் வயக்காட்டு மோட்டார் கொட்டாயிலயே கெடக்குதுன்னு சொன்னியே," என்றாள்.

அவள் கத்தவில்லை. பையைத் திறந்து ஒவ்வொரு கிட்டியாக எடுத்து என் மேசைமேல் வைத்தாள். இருபது ஆனதும் நிறுத்தினாள்.

"இதே மாதிரி இன்னொரு பை இருக்குதாம்மா?"

"உனக்கு எதுக்கு சவுரி? சேத்துல, பூச்சி பொட்டுல..."

"உன்னக் கட்டில்ல போட்டுத் தூக்கியாந்தப்ப நான் பின்னாலயே ஓடியாந்தேன். அந்த ஓட்டம் எனக்கு இன்னொரு வாட்டி வேணாம்யா. உன்னத் தூக்கறதுக்கு பதிலா இத தூக்கிக்கினு வர்றேன்."

பரணில் ஏறி இன்னொன்றை எடுத்தேன்.

அண்ணனே அவளுக்கு மாட்டிவிட்டார். எலி தொட்டதும் விழுகிற மாதிரி கிட்டியின் சுருக்கைப் பதமாக வைக்கிற விரல்கள் அவை. மார்புக் கிளிப்பைப் போட்டு, பட்டி இறுக்குகிறதா என்று இரண்டு விரலை விட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்த்தினார். "குனி," என்றார். சவுரியம்மாள் பத்து தடவை குனிந்து நிமிர்ந்தாள். இந்த முறை நான் தோப்புக்கரணம் என்று சொல்லவில்லை.

மேசைமேல் இருந்த இருபதும் அவள் பைக்குள் போயின. ஓட்டையைத் தைத்து முடித்தபோது அண்ணன் அதிலிருந்து இரண்டு கிட்டியைத் தனக்கென்று உருவிக்கொண்டிருந்தார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு? ரெண்டு தோள்லயும் சமமா."

அண்ணன் அந்த இரண்டையும் திரும்ப அவள் பையிலேயே வைத்து மூடினார்.