அண்ணனின் இரண்டு விரல்களும் அந்தப் புல்வண்டியும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு பழகியவர்களுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி மதினி கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லித் தருகிறவள் என்பதால் எனக்கு இது சுலபமான வேலை என்று நினைத்திருப்பார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது புதூருக்குக் கிழக்கே, மழை பெய்தால் மட்டும் விளையும் ஒரு கிராமத்தில். அப்பாவுக்கு இருபது ஆடுகளும் கொஞ்சம் கரிசலும் இருந்தன. அப்பா காய்ச்சலில் போனபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. ஆடுகளை விற்றுவிட்டு, அண்ணன் கயத்தாற்றில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனார். பத்து வருடம் அடுத்தவர் வண்டிக்குக் கீழே படுத்துக் கிடந்து, கோவில்பட்டிக்கு வெளியே ரோட்டோரமாகச் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டார். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியதும், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அந்தக் கொட்டகைதான். டிராக்டர், பம்ப்செட், மருந்தடிக்கிற மிஷின், எது வந்தாலும் பார்ப்பார்.

வேலையில் அண்ணன் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கரிசல் மண்ணில் ஜாக்கி வைத்தால் அது சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். மேலே வண்டி நிற்கிறது என்று நம்பி நாம் கீழே படுத்திருப்போம். அதனால் கனமான பலகை போட்டு அதன்மேல்தான் ஜாக்கி வைப்பார். ஜாக்கியையும் நம்பாமல் நாலு பக்கமும் கட்டை அடுக்குவார். கோடையில் மண் வெடித்துக் கிடக்கும்போது ஒரு முறை அவருடைய ஸ்பேனர் வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. விழுந்த சத்தமே கேட்கவில்லை. அண்ணன் வெகு நேரம் காதை வைத்துப் படுத்திருந்துவிட்டு எழுந்து போனார்.

இனி அந்தப் புல்வண்டிக்கு வருகிறேன். உங்களில் பலர் இந்தப் பக்கத்தைத்தான் தேடியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், எட்டயபுரம் போகிற வழியில் ஒரு பஞ்சாலைக்காரரின் பங்களா இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுத்த மண். நடுவில் வேலிக்குள் மட்டும் பச்சைப் பசேலென்று புல்தரை. ஆட்டுக்காரர்கள் வேலி ஓரமாக ஓட்டிக்கொண்டு போனாலும் ஆடுகள் அந்தப் பக்கம் தலை திருப்பாது என்பார்கள். அந்தப் புல்லை வெட்ட, முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு வண்டியை அனுப்பியிருந்தார். பார்க்கச் சின்ன டிராக்டர். மேலே உட்கார்ந்து ஓட்டினால், அடிவயிற்றில் இருக்கும் பிளேடு சுற்றிப் புல்லை வெட்டிக்கொண்டே போகும். இந்த ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. புல்வண்டி என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு, பங்களாத் தோட்டக்காரர் அதை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, உச்சி வெயில்ல புல்லு வெட்டிக்கிட்டு இருந்தேன். போதும்னு சாவிய உருவிட்டு எறங்கிட்டேன். அது பாட்டுக்கு ஓடுது. சாவி என் கையில இருக்கு, வண்டி ஓடுது! ஆள் இல்லாத சீட்டு மட்டும் ஆடிக்கிட்டு இருந்துச்சு. பெட்ரோலு தீர்ந்துதான் நின்னுச்சு. நான் இனிமே கிட்டப் போவ மாட்டேன்."

அண்ணன் சிரித்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. சாவிய உருவுனா இஞ்சின அமத்துத வயரு ஒண்ணு உண்டு. எங்கனயாவது எலி கடிச்சிருக்கும். அது அத்துப் போச்சுன்னா சாவிக்கு வேலையே இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். "ஏட்டி, இதுக்குச் சாவி பேச்சுக்குத்தான். பிளேடக் கையால சுத்துனாக்கூட பிளக்குல பொறி விழும். பெட்ரோலு தீந்தாலும் உள்ள ஆவி கெடக்கும், ஒரு சுத்துக்கு அது போதும். பிளக்கு வயர உருவாம ஒருத்தரும் இதத் தொடக் கூடாது, பாத்துக்கோ."

இதை நான் என் காதால் கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மறுநாள் அண்ணன் அதைப் பலகை போட்டுத் தூக்கிக் கட்டையில் நிறுத்தினார். பிளக் வயரை உருவித் தொங்கவிட்டார். பிளேடை வேலை தொடங்குகிற நாளில் கழற்றலாம் என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் ஆயுத பூசை. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. கொட்டகையைக் கழுவி, கருவிகளுக்கும் நிற்கிற வண்டிகளுக்கும் பொட்டு வைப்பது என் வேலை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியையும் ஊனமாக வைத்துப் பூசை போடக்கூடாது. கழற்றிப் போட்டதைப் பேருக்காவது அதனதன் இடத்தில் வைத்துத்தான் பொட்டு வைக்க வேண்டும்.

"எல்லாத்தையும் மாட்டி முழுசா வையி தாயி" என்று அம்மா வாசலிலிருந்து சொன்னார்கள்.

நான் அந்த வயரைப் பார்த்தேன். பூசை முடிந்ததும் உருவிவிடலாம் என்று நினைத்து அதைப் பிளக்கில் அழுத்தினேன். டிக் என்று உட்கார்ந்தது. அதன்மேல் கேந்திப்பூ மாலையைப் போட்டேன். பிறகு சுண்டல், பொரி, அக்கம்பக்கத்துக்காரர்கள், அண்ணன் மகளுக்குப் பாவாடை கட்டுவது என்று பொழுது போய்விட்டது. அவளுக்கு அப்போது எட்டு வயது. வயர் என் நினைவில் இல்லை.

விஜயதசமி காலையில், நல்ல நேரம் பார்த்து, ஒரு நட்டையாவது திருகித்தான் அண்ணன் வேலையைத் தொடங்குவார். குளித்து, விபூதி பூசி, சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்தார். பிளேடு சுற்றாமல் இருக்கக் கட்டை கொடுப்பதுதான் அவருடைய முறை. ஒரு சுற்றுத்தானே என்று அன்றைக்கு ஒரு துணியைச் சுற்றி இடது கையால் பிடித்துக்கொண்டார். பிளேடை இஞ்சினோடு சேர்க்கும் லிவர் போட்டபடியே இருந்தது. பிளேடு நட்டில் ஸ்பேனரை வைத்து வலது கையால் அழுத்தினார். நான் சூடத் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன்.

ஒரே ஒரு சத்தம், பட் என்று. பெரிய சத்தமில்லை, யாரோ தொண்டையைச் செருமியது மாதிரி இருந்தது. பிளேடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. அண்ணன் கத்தவில்லை. கையை வெளியே எடுத்து வெயிலில் பார்த்தார். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

அம்மாவும் மதினியும் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொட்டகையைப் பூட்ட நான் மட்டும் நின்றேன். மாலையை விலக்கிப் பார்த்தேன். வயர் நான் மாட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. யோசிக்கிறதற்கு முன்னால் என் கை அதை உருவிவிட்டது. சொந்தங்களே, பதிமூன்று வருடமாக நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பேய் அந்த இடத்தில்தான் பிறந்தது.

செய்தி கேட்டு ஓடிவந்த தோட்டக்காரர், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சாவி அவிய பையில. வயரையும் உருவித்தான வச்சிருக்காவ! பொறவு எப்பிடிச் சுத்திச்சு?" என்று என்னிடம் கேட்டார். நான் சூடத் தட்டை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கொட்டகை முழுக்க ஆட்கள். எல்லோரும் அதையே கேட்டார்கள். வயரைக் கழற்றித்தான் வைத்திருந்தீர்களா? அண்ணன் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு சொன்னார். "ஆமா, கழட்டித்தான் வச்சிருந்தேன்."

அவ்வளவுதான். பங்களாவில் வண்டியைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள். கொட்டகையின் கடைசி மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியது மூடியபடி நின்றது. செவ்வாய்க்கிழமைகளில் யாரோ வந்து அதன் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். பேயோட்டுகிற கோடாங்கி ஒருவர் கொட்டகை வாசலைத் தாண்டி வரவே மாட்டேன் என்று திரும்பிப் போனார். ஆயுத பூசைக்கு மட்டும் அண்ணன் தானே உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதற்குப் பொட்டு வைத்துவிட்டு வருவார். வேறு யாரையும் விடமாட்டார்.

பேய் இல்லை என்று உலகத்தில் உறுதியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கே பயமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? மத்தியான வெயிலில் தகரம் சுட்டு நெளிகிற நேரம், வீட்டில் தனியாக இருந்தால், கொட்டகைப் பக்கமிருந்து டிக் என்று கேட்கும். தார்ப்பாயின் கொக்கி என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். எழுந்து போய்ப் பார்த்ததில்லை. நான் உண்டாக்கிய பொய் என்னைவிடப் பெரிதாக வளர்ந்து, எங்கள் வீட்டிலேயே ஒரு மூலையில் குடியிருந்தது. அது அங்கே இருந்தவரை என்மேல் பழி வராது என்பதால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

எட்டு விரல்களோடு அண்ணன் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். சின்ன நட்டுகளை உதட்டில் கவ்விக்கொள்ளப் பழகினார். ஒரு நாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. சிறுநீரகம் கெட்டுத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் போய் வந்துகொண்டிருந்தபோதும், பக்கத்துக் கட்டில்காரரின் மோட்டாருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது. "அது மொதல்ல விரல வச்சு ருசி பாத்துச்சு. இப்பம் ஆளையே எடுத்துட்டு" என்று துட்டி வீட்டிலேயே ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணன் மகளுக்கு இப்போது கல்யாண வயது. குளத்தூர்ப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், கொட்டகையைப் பார்த்தார்கள், பதில் சொல்லவில்லை. இரண்டாவது இடமும் அப்படியே போனது. ஒரு கல்யாண மண்டபத்தில், நம் சொந்தத்தில் பெரியவர் ஒருவர் என்னிடமே கேட்டார். "பிள்ள தங்கமான பிள்ளதான். அந்த வீட்ல அது கெடக்குல்லா, எப்படிக் கேக்கது?"

அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். போன மாதம் கயத்தாற்றிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து வண்டியைப் பிரிக்கச் சொன்னேன். அண்ணன் சொன்னது போலவே, சாவிக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. வண்டியைத் துண்டு துண்டாகக் காயலான் கடைக்கு ஏற்றிவிட்டோம். கொட்டகை காலியாக இருக்கிறது. நீங்கள் யாரும் வந்து பார்க்கலாம். தனியாகப் போக எனக்கு இன்னும் கால் வராது, அது என் பாடு.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், விடியற்காலையில் கார் எடுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், ரத்தம் கொடுத்த அவருடைய கூட்டாளிகளுக்கும், கடைசிவரை வாரம் தவறாமல் வந்து பார்த்த அந்தத் தோட்டக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தோட்டக்காரரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அண்ணன் போவதற்கு நாலு நாள் முன்பு, மதினி மாத்திரை வாங்கப் போயிருந்தபோது, நான் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த வயர மாட்டுனது நாந்தான். பொறவு உருவுனதும் நாந்தான்."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று விரல் இருந்த கை.

"மாட்டுனது தெரியும்ட்டி. மறுநா காலைல மாலைய ஒதுக்கிப் பாத்தேன். நான் அத உருவிட்டுத்தான் கீழ படுத்தேன். உன் மேல தப்பு இல்ல. நீ வந்து பாக்கையில அது மாட்டியிருந்துச்சுன்னா, அது வேற. நீ இல்ல."

சொல்லும்போது என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் ஒரு நடுக்கமில்லை. அந்த வார்டில் அவ்வளவு வெளிச்சத்தில் எனக்கு முதுகு சில்லிட்டுப் போனது.

ஓராண்டாக யோசித்துவிட்டேன். அண்ணன் உருவிய வயர் தானாக மாட்டிக்கொண்டது என்றால், என் அண்ணனின் விரல்களை எடுத்தது நான் இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அந்த வீட்டில் ஏதோ ஒன்று இருந்தது என்று ஆகிவிடும், அண்ணன் மகள் அதைச் சுமந்துகொண்டே திரிய வேண்டும். இந்த மலரில் மற்றவர்கள் எல்லோரும் அண்ணன் பொய்யே பேசாதவர் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் எழுதியதில் தவறில்லை, அவர்களிடம் அவர் பொய் பேசியதில்லை. என்னிடம் ஒரு பொய் சொன்னார், எனக்காகச் சொன்னார். அண்ணே, நான் அதை நம்பவில்லை.