மல்லிகாவுக்கு மெட்ராஸில் ஓர் இடம்

டியூஷன் வாத்தியாரின் தொழிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது சுலபமான பாதி. பெற்றோரோடு பள்ளிக்கூடம் தேடிப் போவது மீதிப் பாதி. கோடை வெயிலில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல்களில் நீங்களும் நின்றிருப்பீர்கள். அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. என் பாட்டையும் கேளுங்கள்.

கடை கிடைத்தது, வீடு கிடைத்தது

எழுபதுகளில் போடி பஜாரில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் டியூஷன் நடத்திவந்தேன். ஏலக்காய் வியாபாரி சௌந்தரபாண்டி மெட்ராஸில் மண்ணடிப் பக்கம் புதிதாகக் கடை பிடித்தார். குடியிருக்க வீடும் அமைந்தது. ஆறாம் வகுப்புக்குப் போகவேண்டிய ஒரே மகள் மல்லிகாவுக்குத்தான் பள்ளி அமையவில்லை. "கிடைக்காட்டி ஒரு வருசம் அத்தை வீட்டுல இருந்து இங்கனயே படிக்கட்டும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, மல்லிகா என் மாடிப்படியில் உட்கார்ந்து விசும்பினாள். அத்தை நல்லவர்தான். ஆனால் அம்மா ஆகிவிட முடியுமா?

பள்ளி பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். மெட்ராஸைக் கண்ணால் பார்த்த வாத்தியார் என்பதுதான் என் தகுதி. நல்ல ஆசிரியர்கள், நெருக்கடி இல்லாத வகுப்பு, ஓடி விளையாட இடம் என்று எதையெல்லாம் பார்க்கவேண்டும் என நான் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தேன். சௌந்தரபாண்டியின் மனைவி தங்கம்மாள் குறுக்கிட்டுக் கணவரிடம் சொன்னார்:

"பள்ளிக்கூடம் அமையலைன்னா நீங்களும் உங்க கடையும் போயிட்டு வாங்க. நானும் பிள்ளையும் இங்கனயே இருந்துக்கிறோம்."

ஒரு மாத இங்கிலீஷ்

முதலில் போனது பெயர்பெற்ற ஆங்கிலப் பள்ளி. அதற்காக ஒரு மாதம் மல்லிகாவைத் தயார் செய்திருந்தேன். பெயர் என்ன, ஊர் எது, பிடித்த பழம் எது என்று எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் படபடவென்று சொல்வாள்.

தலைமையாசிரியை சிரித்த முகத்தோடு பெயரைக் கேட்டார். மல்லிகாவும் சிரித்தாள். ஊரைக் கேட்டார். அதற்கும் சிரிப்புதான். பழத்துக்கு வந்தபோது தலைமையாசிரியையிடம் சிரிப்பு தீர்ந்துபோயிருந்தது. எனக்கு வியர்த்தது. சௌந்தரபாண்டி மட்டும் மகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

தெருவுக்கு வந்ததும் மல்லிகா எல்லாப் பதில்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். "ஏம்மா, இதை உள்ளே சொல்லக்கூடாதா?" என்றேன். அவள் சொன்னாள்:

"அப்பாதான் ரயில்ல வரும்போது சொன்னாக சார், பேரம் பேசுற இடத்துல மொதல்ல வாயைத் தொறக்கிறவகளுக்குத்தான் நட்டம்னு."

மேல்சரக்கு

இரண்டாவது பள்ளியில் தலைமையாசிரியர் எங்களை உட்காரவைத்து, அலமாரி நிறைய இருந்த கேடயங்களைக் காட்டினார். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய ஒரு மாணவியைக் கூப்பிட்டுப் பேசவும் வைத்தார். எனக்குத் திருப்தி. நான் தலையாட்டப் போகும் நேரத்தில் சௌந்தரபாண்டி எழுந்து நின்று கைகூப்பினார்.

"ஐயா, மேல கிடக்குற சரக்கைக் காட்டிட்டீக. ரொம்ப நல்லாருக்கு. மூட்டைக்கு அடியிலயும் கையைவிட்டுப் பாக்கணுமில்ல? கடைசி வகுப்புல, கடைசி பெஞ்சுல இருக்குற பிள்ளையக் கொஞ்சம் வரச்சொல்லுங்க."

ஏலக்காய் வாங்குகிறவர்களின் வழக்கம் அது என்று நான் விளக்கம் சொன்னேன். விளக்கம் சொல்லச்சொல்லத் தலைமையாசிரியரின் முகம் சிவந்தது. கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்:

"இது பள்ளிக்கூடம் சார், உங்க குடோன் இல்லை."

பக்கத்துத் தெரு

அன்று மாலை புது வீட்டுக்குத் திரும்பி, அங்கே காத்திருந்த தங்கம்மாளிடம் நடந்ததைச் சொன்னோம். மல்லிகா, "அத்தை வீட்டுக்கு என் தலையணையைக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டாள். தங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கப் போன தங்கம்மாள், பக்கத்துத் தெருவிலேயே ஒரு கார்ப்பரேஷன் பள்ளி இருப்பதைக் கண்டுபிடித்து வந்தார். என் யோசனையில் அது வரவே இல்லை. அங்கிருந்த பெரிய டீச்சர், "பார்க்கணும்னா தாராளமா உள்ளே போய்ப் பாருங்க" என்றார். சௌந்தரபாண்டி நேராக ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் போய், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணிடம், "எப்படி ஆத்தா படிக்கிற?" என்று கேட்டார்.

"எனக்குக் கணக்கு சுத்தமா வராதுங்க. டீச்சர்தான் விடமாட்டேங்கிறாங்க. புரியலைன்னா சாயங்காலம் பக்கத்துல உக்காரவெச்சு மறுபடியும் சொல்லித் தர்றாங்க."

முதல் வாக்கியத்தோடு சௌந்தரபாண்டி முடிவெடுத்துவிட்டார். "வாத்தியாரய்யா, சரக்கு தேறாது. கெளம்புங்க" என்று என் காதில் சொன்னார்.

அதற்குள் அந்தப் பெண் ஒதுங்கி இடம் விட்டு, "இங்க வா" என்று மல்லிகாவைக் கூப்பிட்டாள். மல்லிகா போய் உட்கார்ந்தாள். "உன் பேர் என்ன?" "மல்லிகா." "எந்த ஊரு?" "போடி. மலையடியில இருக்கு." அதன்பின் பேச்சு நிற்கவில்லை. சௌந்தரபாண்டி வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டார். அவள் காதில் விழவில்லை.

தங்கம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னார்:

"நீங்க கடைக்குப் போயி வேலையப் பாருங்க. பிள்ளை பள்ளிக்கூடம் போயாச்சு."

ஒரு மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது நான், இடம் வாங்கிக்கொடுத்தது கணக்கு வராத ஒரு பெண், ஆனால் மெட்ராஸில் பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர் என்ற பெயர் மட்டும் போடியில் எனக்கே நிலைத்துவிட்டது.