நான்கு சீசன் தோல்வியும் ஒரு கூச்சலும்

போன சனிக்கிழமை கொழும்பில் ஓர் உள்ளரங்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாஸ்கட்போல் மேட்ச் பார்த்தேன். இன்னும் அதிர்ச்சி தீரவில்லை.

நானும் பாஸ்கட்போலுமா? நீங்கள் சிரிப்பது கேட்கிறது. கிரிக்கெட்டில் ஓவர் முடிந்ததும் எல்லோரும் ஏன் இடம் மாறுகிறார்கள் என்பதே எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். ஆனால் என்ன செய்வது? எங்கள் மலைப்பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளராக இருக்கும் என் சிநேகிதிக்குக் காய்ச்சல். பெண்கள் அணியோடு பொறுப்பாளராகப் போக வேண்டியவள் அவள்தான். "நீ ரிட்டயர்ட் டீச்சர்தானே, சும்மாதானே இருக்கே" என்று என் தலையில் கட்டிவிட்டாள். சும்மா இருக்கிறேனாம்... இந்தப் பத்திரிகைப் பத்தி வாராவாரம் தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது போலிருக்கிறது!

வெள்ளிக்கிழமை காலையில் பதுளையிலிருந்து பஸ் புறப்பட்டது. பக்கத்து சீட்டில் கேப்டன் கௌசல்யா. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நாலு வருஷப் படிப்பு ஐந்தாவது வருஷத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இவள் சேர்ந்த வருஷம்தான் இந்த அணியும் தொடங்கியதாம்.

"இதுவரைக்கும் எத்தனை மேட்ச் ஜெயிச்சிருக்கீங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

"ஒண்ணுமே இல்லையா?"

"நாலு சீசன்... ஒண்ணுமே இல்ல. இந்த வாட்டியும் தோத்தா டீமைக் கலைச்சிடுவாங்க. சொல்லிட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஏதோ கெட்டிக்கார அணியோடு போகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! பஸ் அப்புத்தளையைத் தாண்டி வளைவு வளைவாக இறங்க இறங்க, அவள் ஒவ்வொரு சீசனாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் சீசனில் தரை காலை வாரிவிட்டது. இங்கே சிமெண்டுத் தரையில் ஓடிப் பழகிய பிள்ளைகள். அங்கே பளபளவென்று பலகைத் தரை. ஆளுக்கு ஆள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். இடைவேளை வரைக்கும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லையாம்.

இரண்டாவது சீசனுக்கு நல்ல சப்பாத்து வாங்கினார்கள். பயிற்சியாளர் ருவன், தேயிலை மலையில் எல்லோரையும் ஏற்றி இறக்கி ஓடவிட்டார். "அவங்களுக்கு மூச்சு வாங்குச்சு டீச்சர், எங்களுக்கு வாங்கவே இல்ல" என்றாள் பெருமையாக. அப்புறம்? தோல்வி.

மூன்றாவது சீசன்தான் மோசம். இவர்கள் பந்தை யாருக்குப் போடப் போகிறார்கள் என்பது எதிர் அணிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. போடுவதற்குள் அங்கே ஒருத்தி வந்து நிற்பாளாம். என்ன திட்டம் போட்டாலும் இதே கதைதான்.

"யாரோ போன்ல சொல்லிக் குடுக்குறாங்கன்னு நெனச்சோம். எங்க டீம் ரிஸ்வானாவோட மாமி மக எதிர் டீம்ல இருந்தா. அதனால ரிஸ்வானாகூட யாரும் பேசல. அழுதுகிட்டே டீமை விட்டுப் போயிட்டா."

"அவதான் சொன்னாளா?"

"அடுத்த சீசன் அவ இல்ல. அப்பவும் தோத்தோம் டீச்சர்..." என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்காவது சீசனில் செய்வினை என்று முடிவு செய்துவிட்டார்கள்! கதிர்காமத்துக்கு நேர்த்தி, விகாரையில் போதி பூஜை, பஸ் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். "பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளைகளாடி நீங்க?" என்று சத்தமே போட்டுவிட்டேன். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ருவன் திடுக்கிட்டு எழுந்தார்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். மாலை மேட்ச். நான் மேலே படிக்கட்டு ஆசனத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "டீச்சரம்மாங்களா? நான் கௌசல்யாவோட அப்பா, மாரிமுத்து" என்றார். தோட்டத்தில் வேலை செய்தவர். இப்போது இங்கே கொழும்பில், புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை தூக்குகிறார். மகள் விளையாடி ஒருதரம்கூடப் பார்த்ததில்லையாம். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டு வந்திருக்கிறார்.

"ஜெயிச்சிடுவாங்களாம்மா?"

"பார்ப்போம் அண்ணே" என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. தொடங்கியதுமே எங்கள் பிள்ளைகள் தொடங்கினார்கள் பாருங்கள் ஒரு கூச்சல்! "கௌசீ!" "நிலூ!" "ஷிஃபா!" காது கிழிந்தது. ஒருத்தி பெயரைக் கத்துவாள், பிறகு அவளுக்குப் பந்தைப் போடுவாள். விளையாட்டின் விதியே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் போனதும்தான் கவனித்தேன், எதிர் அணிப் பிள்ளைகள் கம்மென்று விளையாடுகிறார்கள். "நிலூ!" என்ற சத்தம் கேட்டதும் அவர்களில் ஒருத்தி நிலூ பக்கம் பாய்கிறாள். பந்தைத் தட்டிப் பறிக்கிறாள். போய்ப் போட்டுவிட்டு வருகிறாள். திரும்பவும் "ஷிஃபா!"... திரும்பவும் அதே பாய்ச்சல்.

பந்து யாருக்குப் போகப் போகிறது என்று எனக்கே தெரிகிறதே! அவர்களுக்குத் தெரியாதா?

இடைவேளையில் முழங்கால் வலியையும் மறந்து கீழே ஓடினேன்.

"ஏண்டி, நீங்க மட்டும் ஏன் பேரைச் சொல்லிச் சொல்லிப் போடுறீங்க?"

கௌசல்யா என்னைப் புரியாமல் பார்த்தாள். "கத்தாட்டி எப்படி டீச்சர்? நம்ம கிரவுண்டுல நாலு மணிக்கெல்லாம் மிஸ்ட் எறங்கிடும். ஆளே தெரியாது. பேரைச் சொல்லாமப் போட்டா பந்து மூஞ்சில வந்து அடிக்கும்."

"இங்க எங்கடி மிஸ்ட்?"

ஐந்து பேரும் ஒருதரம் மேலே விளக்குகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ருவன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரும் அதே மைதானத்தில், அதே பனிமூட்டத்தில், அப்படியே கத்தி விளையாடி வளர்ந்தவர்தான். "நாங்களும் இப்பிடித்தானே டீச்சர் விளையாடினது..." என்றார் பரிதாபமாக. நான்கு சீசனாகத் தங்கள் ரகசியத்தைத் தாங்களே ஒலிபரப்பியிருக்கிறார்கள்! அதற்கு ரிஸ்வானா மேல் பழி, எவனோ வைத்த செய்வினை, ஒரு கூடை எலுமிச்சம்பழம். எனக்குச் சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை.

சரி, இனிமேல் கத்த வேண்டாம் என்று முடிவானது. நடந்தது என்ன? யாரும் கத்தவில்லை. அதனால் யாரும் பந்தைப் பிடிக்கவும் இல்லை. நிலூவின் முதுகில் பந்து மோதித் தெறித்தது. ஷிஃபா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். காதால் விளையாடப் பழகிய பிள்ளைகளுக்குக் கண் இருந்து என்ன பயன்? புள்ளி வித்தியாசம் ஏறிக்கொண்டே போனது. நான் திரும்ப மேலே ஏறி வந்தபோது மாரிமுத்து அண்ணன் ஆரஞ்சுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ருவன் டைம் அவுட் கேட்டார். வட்டமாகக் குனிந்து நின்று ஏதோ பேசினார்கள். கௌசல்யா எதையோ சொல்ல, ஷிஃபா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது மேலே இருந்தே தெரிந்தது.

ஆட்டம் திரும்பத் தொடங்கியதும் நிலூ பந்தைத் தூக்கிக்கொண்டு அரங்கமே அதிரக் கத்தினாள்.

"மாரிமுத்தூ!"

என் பக்கத்து ஆசனத்திலிருந்து விருட்டென்று எழுந்து, விறைப்பாக நின்று, "ஐயா!" என்றார் அவர்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு விளங்கும். விடிகாலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது இப்படித்தான் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட கையோடு பதில் சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டு வந்து எத்தனை காலமானால் என்ன, உடம்பு மறக்கவில்லை.

அதற்குள் கீழே "சோமபாலா!" "நவ்ஷாத்!" என்று ஒரே ஆம்பிளைப் பெயர்கள். விஷயம் விளங்கிவிட்டது. ஹாஸ்டலில் இந்தப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வது அப்பா பெயரைச் சொல்லித்தான்; பஸ்ஸிலேயே கேட்டிருந்தேன். சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை — இந்த விஷயத்தில் எல்லாம் ஒன்று. எதிர் அணி திருதிருவென்று விழித்தது. யார் சோமபால? யார் நவ்ஷாத்? பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரிமுத்து அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "என்னங்கம்மா இது... பொம்பளப் புள்ளைங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுதுங்க. இத்தன பேருக்கு முன்னால..."

"உக்காருங்க அண்ணே. உங்க பேரைச் சொன்னா உங்க மகளுக்குப் பந்து போகுது. கவனிச்சுப் பாருங்க."

உட்கார்ந்தார். கவனித்தார். "மாரிமுத்தூ!" — கௌசல்யா கையில் பந்து. கூடைக்குள் விழுந்தது. அடுத்த தடவை தலையை நிமிர்த்தினார். அதற்கடுத்த தடவை ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் பெயர் வரக் கொஞ்சம் தாமதமானால் கால் ஆடியது. ஒருமுறை நவ்ஷாத்துக்கு இரண்டு தடவை தொடர்ந்து பந்து போனபோது, "என்னங்கம்மா, நம்மளக் கூப்பிடவே மாட்டேங்குதுங்க" என்று என்னிடமே முறையிட்டார்.

எதிர் அணியும் மடையர்கள் இல்லையே. யார் யாருக்கு எந்தப் பெயர் என்று மெல்ல மெல்லக் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். கடைசி நிமிஷத்தில் எங்கள் பிள்ளைகள் ஒரு புள்ளி பின்னால். நிலூ கையில் பந்து. இரண்டு பேர் அவளை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். தொண்டை கட்டி அவளுக்குச் சத்தமே வரவில்லை. யாருக்குப் போடுவதென்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில், கூடைக்குக் கீழே, கௌசல்யா தனியாக நிற்கிறாள். கீழே ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை.

என் பக்கத்தில் ஆரஞ்சுப் பழங்கள் படிக்கட்டில் உருண்டன.

"மாரிமுத்தூ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார் அவர். "மாரிமுத்துவுக்குப் போடு தாயீ! மாரிமுத்துவுக்குப் போடு!"

ஒரு மனிதர் தன் பெயரைத் தானே இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நிலூ பார்க்கக்கூட இல்லை. காதில் விழுந்ததும் போட்டுவிட்டாள். கௌசல்யாவின் இரண்டு கைகளும் ஏற்கனவே மேலே இருந்தன.

ஜெயித்தார்கள்.

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. கௌசல்யா மூச்சு வாங்கக்கூட இல்லை, முதல் வேலையாக போனை எடுத்து ரிஸ்வானாவைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டாள் என்று நினைக்கிறேன். சிரிப்பும் அழுகையுமாக ஒன்றும் விளங்கவில்லை.

புறப்படும்போது மாரிமுத்து அண்ணன் பஸ் ஜன்னல் பக்கம் வந்தார். "டீச்சரம்மா பேப்பர்ல எழுதுவீங்களாமே... புள்ள சொல்லுச்சு."

"எழுதுவேன் அண்ணே. பயப்படாதீங்க, பேரையெல்லாம் மாத்திடுவேன்."

பஸ் நகரத் தொடங்கியது. கூடவே இரண்டடி நடந்து வந்து, "மாத்தாதீங்கம்மா" என்றார்.

ஆகவே வாசகர்களே, இதில் வருகிற மற்றப் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை. மாரிமுத்து மட்டும் மாரிமுத்துதான்.