ஹெல்டர்-ஸ்கெல்டர் கோபுரத்து வின்னி

சாண்ட்பிக் கடற்கரையில் ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது அந்த மரக் கோபுரம்தான். உள்ளே ஏறப் படிக்கட்டு, வெளியே சுற்றிச் சுற்றி இறங்கும் சறுக்கு, நெற்றியில் சிவப்பாக ‘ஹெல்டர்-ஸ்கெல்டர்’ என்ற எழுத்து. அந்த ஆங்கிலச் சொல் கோபுரத்தைவிட முந்நூறு வருஷமாவது மூத்தது. அரக்கப்பரக்க என்று நாம் சொல்வதேதான். பிரித்துப் பார்த்தால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. கும்பலாக முண்டியடித்து ஓடுகிறவர்களின் காலடிச் சத்தமே சொல்லாகிவிட்டது என்பார்கள். வேறு கதைகளும் உண்டு. வின்னி பிளெட்சோவுக்கு வேறு கதை தேவைப்படவில்லை. அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் அவள் ஒவ்வொரு கோடையும் நின்றாள்.

சறுக்கி வந்து விழுகிறவர்களைத் தூக்கிவிட்டு, அவர்கள் உட்கார்ந்து சறுக்கிய தென்னைநார்ப் பாயை வாங்கி அடுக்குவது அவள் வேலை. உச்சியில் அவள் புருஷன் வால்டர். கீழே ஆள் எழுந்து நகர்ந்ததும் வின்னி துடைப்பக்கட்டையால் நடுத்தூணில் ஓர் இடி இடிப்பாள். அதற்கப்புறம்தான் அவன் அடுத்த ஆளை விடுவான்.

சண்டைக்குப் போய் பீரங்கியோடு கிடந்து வந்தவன் வால்டர். காது வருஷத்துக்கு வருஷம் மங்கி, கடைசியில் அடைத்தே போனது. முதலாளி கேஸ்கினுக்குச் சொல்லவில்லை. தூணில் உள்ளங்கையை வைத்து இடியை வாங்கிக்கொள்வான். வீட்டிலும் அதே ஏற்பாடு. டீ தயாரானால் வின்னி சமையலறைக் கூரையில் கட்டையால் இடிப்பாள். அவன் மாடியிலிருந்து இறங்கி வருவான்.

"செவிட்டுக் கிழவா, பக்கத்து வீட்டுக்காரியே எந்திரிச்சு வந்துருவா. ஒனக்கு மட்டும் ரெண்டு இடி கேக்குதோ?" என்று அவன் முகத்துக்கு நேராக வாயசைப்பாள்.

"ஒன்னுலயே தெரிஞ்சுது. ஒன் டீயை நெனச்சுத்தான் கால் வரல" என்பான்.

ஒரு வருஷம் ஆகஸ்ட் விடுமுறை நாளில் காலையெல்லாம் மழை. மதியம் வெயில் எட்டிப் பார்த்ததும் ஊரே கோபுரத்துக்கு வந்துவிட்டது. "மறுபடி தூறுறதுக்குள்ள எல்லாரையும் ஏத்து!" என்று கேஸ்கின் வாசல் சங்கிலியைக் கழற்றிவிட்டான். படிக்கட்டில் கும்பல் திமுதிமுவென்று ஏறியது. கோபுரமே அதிர்ந்தது.

அப்போதுதான் ஒரு சின்னப் பெண் கடைசி வளைவில் நின்றுபோனாள். ஈரத்தில் பாய் ஒட்டிக்கொண்டது. வின்னி கட்டையைக் கீழே போட்டுவிட்டு, "இரு கண்ணு, இதோ வந்துட்டேன்" என்று இரு கையையும் நீட்டினாள். கை எட்டுவதற்குள் மேலேயிருந்து பூட்ஸ் போட்ட தடியன் ஒருவன் சிரித்துக்கொண்டே வந்து மோதினான்.

குழந்தை பிழைத்தது. முதுகெலும்பு போய்விட்டது, இனி நடக்காது என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது.

சாயங்காலம் கேஸ்கினின் கொட்டகையில் வால்டர் சொன்னான்: "இடிச்சா. கையில வாங்கினேன். சத்தியமா." அவன் பொய் சொல்லவில்லை.

கேஸ்கின் வின்னி பக்கம் திரும்பினான். "அப்ப நீதான் அவசரப்பட்டுட்ட. ஆமான்னு சொல்லிரு. கீழ நிக்க வேற ஒருத்தி கெடைப்பா. மேல வால்டர் மாதிரி ஆள் கெடைக்க மாட்டான்."

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். கீழே வேறொருத்தி, மேலே இவன், படிக்கட்டில் இன்னொரு கும்பல்.

"நான் இடிக்கவே இல்ல, மிஸ்டர் கேஸ்கின். அவர் கைக்குத் தெரிஞ்சது படிக்கட்டுல ஓடின காலுங்க. அவருக்குக் காது கேக்காது. மறைச்சுட்டோம்."

வால்டர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

உச்சிக்கு வேறு ஆள் வந்தான், மின்சார மணி வந்தது. வின்னியை வைத்துக்கொண்டார்கள். செவிட்டுச் சிப்பாய்க்கு அந்த ஊரில் வேறு வேலை கிடைக்கவில்லை.

வேலை முடிந்து வந்து டீ போட்டுக் கூரையில் ஓர் இடி இடிப்பாள். மாடியில் பலகை கிறீச்சிடும். அவன் விழித்துத்தான் இருப்பான். இறங்க மாட்டான். அவன் கோப்பையை ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டுத் தன்னுடையதைக் குடிப்பாள். இரண்டாவது இடி இடிப்பதில்லை.