ஒரே வீட்டின் இரண்டு பழனிசாமிகள்

அந்தமானில், மின்னி பே பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் என் மனைவி மங்கையர்க்கரசியிடம் மாட்டிக்கொண்டு விழிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பெயரைச் சொன்னால் அவளுக்குப் போதாது. அப்பா பெயர், அப்பாவுக்கு அப்பா பெயர், மெயின்லேண்டில் எந்த ஊர், எந்த வருஷம் கப்பலேறினார்கள், வீட்டில் அதே பெயரில் வேறு யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டே போவாள். படிவத்தில் இதில் பாதிக்கு இடமே கிடையாது. "டீச்சர், பையன் ஒண்ணாங்கிளாஸ்தானே சேரப்போறான், கவர்னராவா ஆகப்போறான்" என்று காண்ட்ராக்டர் ஒருவர் கேட்டே விட்டார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். மனிதர் வீட்டுக்குப் போய்ப் பாட்டன் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இந்தப் பிடிவாதம் அவளோடு பிறந்ததில்லை. அறுபத்தொன்பதில்தான் அது வந்தது. வந்த கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மங்கையின் அப்பா பெயர் பழனிசாமி. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து முப்பத்தாறில் போர்ட் பிளேருக்கு வந்து மர மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு வருஷம் கழித்து அவருடைய சித்தப்பா மகனும் வந்து அதே மில்லில் சேர்ந்தார். அவர் பெயரும் பழனிசாமிதான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவர்களின் அப்பாக்கள், அண்ணன் சண்முகமும் தம்பி சொக்கலிங்கமும், ஆளுக்கொரு தலைமகனைப் பெற்று, இருவருமே தங்கள் அப்பா பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அது வழக்கம். இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல அவரவர் அப்பா பெயர் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்திருப்பார்கள். மில்லில் மூத்தவரைப் பழனிசாமி என்றும் இளையவரைச் சின்னப் பழனிசாமி என்றும் கூப்பிட்டார்கள். மூத்தவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். சின்னவர் கைநாட்டு. மில்லுக்கு வந்த இரண்டாம் வருஷமே ரம்பத்தில் இடது கையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்திருந்தார்.

மூத்தவரின் மனைவி விசாலாட்சி, என் மாமியார். நாலு வயது மங்கையைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தொன்றில்தான் இங்கே வந்து சேர்ந்தார். சின்னவர் இங்கேயே பிறந்து வளர்ந்த அலமுவைக் கட்டினார். நாலு பேரும் குழந்தையுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். அத்தை புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர். சொல்லாதவர் என்றால் அப்படியொரு சொல்லாமை. பழனிக்குப் போக வேண்டும் என்பதைக்கூட "அந்த மலைக்குப் போகணும்" என்பார். கொழுந்தனுக்கும் அதே பெயர் என்பதால் அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. மாமனார் பெயர், சின்ன மாமனார் பெயர் எதுவும் வாயில் வராது. அலமுவுக்கும் இதே கட்டுதான். ஆக அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், இரண்டு பழனிசாமிகள் இருந்தார்கள், அந்தப் பெயர் மட்டும் அந்த வீட்டுக்குள் ஒலித்ததே இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்துநாலு தொடக்கத்தில், மில்லிலிருந்து பலரை உளவாளி என்று பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பழனிசாமிகளும் அதில் போனார்கள். நாலு மாதம் கழித்து ஜெயிலிலிருந்து ஓர் ஆர்டர்லி வந்து, பழனிசாமி செத்துப்போனார் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அத்தை வளையலை உடைத்துக்கொண்டார். மறு வருஷம் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் ஜெயிலில் மிஞ்சியிருந்தவர்களை மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பல்துறையில் பழனிசாமி என்று பெயர் கூப்பிட்டதைத் தன் காதால் கேட்டதாகக் கடைக்கார அய்யூப் பாய் வந்து சொன்னார். அப்படியானால் போனவர் சின்னவர், எப்படியும் ஒருநாள் வருவார் என்று எல்லாரும் அலமுவைத் தேற்றினார்கள். அத்தைதான் அதிகமாகத் தேற்றியவர். கொஞ்ச நாளில் அலமு தன் அண்ணனோடு வடக்குத் தீவில் திக்லிபூர் போய்விட்டார். பிறகு போர்ட் பிளேர் பக்கமே தலைகாட்டவில்லை.

அறுபத்தொன்பதில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து, ஜப்பான்காரன் காலத்தில் இறந்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பது என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். மங்கைக்கு ஒரே சந்தோஷம். அப்பா முகமே அவளுக்குச் சரியாக நினைவில்லை. கல்லில் பெயராவது இருக்கட்டும் என்று படிவத்தை நிரப்பிக் கொண்டுபோனாள். சங்கத்துச் செயலர் இராமகிருஷ்ணன் பொறுமையான மனிதர். நாற்பத்தாறில் வீடு வீடாகப் போய் எழுதிய இறந்தவர் பட்டியலின் நகல் அவரிடம் இருந்தது.

"டீச்சர், உங்க வீட்டு நம்பர்ல பழனிசாமின்னு ஒருத்தர் செத்ததா இருக்கு. அதே வீட்டு நம்பர்ல பழனிசாமின்னு ஒருத்தர் கப்பல்ல போனதாவும் கேள்வி. அப்பா பேரு எழுதுற கட்டம் காலியா கிடக்கே. கல்லுல தகப்பன் பேரோடதான் வெட்டறோம். எந்தப் பழனிசாமின்னு கையில ஏதாவது காகிதம் இருக்கா?"

கட்டம் ஏன் காலி என்பது எங்களுக்குக் கேட்டவுடனே புரிந்தது. நாற்பத்தாறில் குமாஸ்தா வாசலில் நின்று கேட்டிருப்பான். அத்தை வாயைத் திறந்திருக்க மாட்டார். பக்கத்து வீட்டார் யாரோ ஆள் பெயரைச் சொல்லியிருப்பார்கள். மாமனார் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் அப்போது துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. பழைய கப்பல் பட்டியல்கள் கிடங்கில் கரையான் தின்றது போக மிச்சம் கிடந்தன. அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மங்கையும் தேடினோம். கப்பலில் போனவர் சின்னவர் என்று காட்டிவிட்டால் போதும், செத்தவர் அப்பா என்று ஆகிவிடும். அந்தக் கப்பலில் போனவர்கள் பெயருக்கு எதிரே கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் தேடியது ஒரு கைநாட்டை.

ஐந்தாவது ஞாயிறு பட்டியல் கிடைத்தது. பழனிசாமி என்று ஒரே ஒரு பெயர். எதிரே தமிழில் கையெழுத்து.

மங்கையின் அப்பா ஊருக்கு எழுதிய கடிதங்கள் நாலைந்தை அத்தை தகரப் பெட்டியில் வைத்திருந்தார். மறுநாள் அதில் ஒன்றை அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்து பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசி எழுத்தைச் சுழித்துப் பெயருக்கு அடியில் கோடாக இழுத்துவிடும் பழக்கம் அவள் அப்பாவுக்கு உண்டு. இரண்டிலும் அதே இழுப்பு.

"எங்கப்பா சாகலைங்க" என்றாள். யாராவது இறந்த செய்தியைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

எனக்கு வந்தது கோபம். இருபத்தைந்து வருஷமாக ஒரு பெண் வெள்ளைச் சேலையில் இருக்கிறார். அந்த மனிதர் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கப்பலேறியிருக்கிறார். ஒரு கார்டு போடவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் மங்கையின் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது. அப்பா உயிரோடு போனார் என்றால் செத்தவர் சின்னவர். திக்லிபூரில் அலமு இன்னும் பொட்டும் தாலியுமாகச் செத்துப்போன புருஷனுக்காகக் காத்திருக்கிறார். இதை யார் போய்ச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது?

அம்மாவிடம் முதலில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. பள்ளி விடுமுறைக்கு இரண்டு பேரும் திக்லிபூர் கப்பலில் போனோம். அலமு அண்ணன் வீட்டில், நெல்வயலை ஒட்டிய பாக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று வயதுதான் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம். மங்கையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ கொடுத்தார். மங்கை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பட்டியலைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி ஏதேதோ சொல்லி முடித்தாள்.

அலமு அழவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் மங்கை" என்றார். "அன்னிக்கே தெரியும்."

அவரே தொடர்ந்தார்.

"அந்த ஆர்டர்லி வெறும் பேரை மட்டும் சொல்லல. 'உங்லி கட்டா வாலா'ன்னு ரெண்டு தடவை சொன்னான். விரல் போனவன்னு. நான் இங்கயே பொறந்தவ, ஹிந்தி தெரியும். உங்கம்மாவுக்குக் கித்னா, நஹி தவிர ஒண்ணும் தெரியாது. என்ன அலமு சொல்றான்னு என்னைக் கேட்டாங்க. 'அந்தப் பேரைத்தான் சொல்றான் அக்கா'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். சின்னவர்னு சொல்லாம வெறும் பேரைச் சொன்னா அது அவங்க வீட்டுக்காரர்தானே. அவங்க அப்படியே உக்காந்துட்டாங்க."

"ஏன் சின்னம்மா?"

"பதினெட்டு வயசு. பயம். வேற என்ன சொல்றது? ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். விடிஞ்சு பாத்தா அக்கா கையில வளையல் இல்ல. அப்புறம் எந்த வாயால சொல்லுவேன்? அய்யூப் பாய் வந்து சொன்னாரே, அப்பவாவது சொல்லியிருக்கணும். உம் புருஷன் வந்துருவான்னு அக்கா எனக்குத் தலை வாரிப் பூ வச்சு விட்டாங்க. அந்தப் பூவோட என்னால அந்த வீட்டுல இருக்க முடியல. அதான் இங்க ஓடி வந்துட்டேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. மங்கை என் கையை அழுத்தினாள். "நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன்" என்று அவள் எழுந்தபோது அலமு தடுத்தார்.

"வேணாம். நான் சொல்லாம விட்டது, நான்தான் சொல்லணும்."

அடுத்த கப்பலில் மூன்று பேருமாக வந்தோம். வழியில் மாயாபந்தரில் கப்பல் நின்றபோது அலமு கைப்பிடிக் கம்பியருகே போய் நின்று முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது கழுத்திலும் ஒன்றும் இல்லை. நாங்கள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அத்தை சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அலமுவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும், மெயின்லேண்டிலிருந்து ஏதோ துக்கச் செய்தி வந்துவிட்டது என்று நினைத்து, "எப்ப தாயி? யாரு சொன்னாங்க?" என்று பதறி எழுந்தார். அலமு அவர் காலடியில் உட்கார்ந்து, ஆர்டர்லி சொன்னது, தான் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் சொன்னார். மங்கை கையெழுத்தைப் பற்றிச் சொன்னாள். அத்தைக்கு எல்லாம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ கப்பல்ல போனது மங்கை அப்பாவா?"

"ஆமாம்மா."

"அந்தக் கப்பல் இங்கிருந்துதான கெளம்புச்சு? வூட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போகோணும்னு தோணலியா அவருக்கு?"

கப்பல்துறையிலிருந்து அந்த வீடு ஒன்றரை மைல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெளியே போய் நின்றேன். அலமு விம்மி விம்மி அழுவது கேட்டது. அத்தை குரல் நிதானமாக இருந்தது.

"அழுகாத அலமு. உம் புருஷனுக்கு நான் ஒரு வருசம்கூட வுடாம திதி குடுத்துப்போட்டேன். அந்த மனுசன் பட்டினியா இல்ல. இனிமேல் நீ குடு."

படிவத்தை எப்படி நிரப்புவது என்று மங்கை கேட்டாள். "செத்தவரு பேரை எழுதிக் குடு. சின்ன மாமனார் பேரையும் மறக்காம போடு" என்றார் அத்தை. கல்லில் அப்படியே வெட்டினார்கள். அலமு பிறகு திக்லிபூர் போகவில்லை. எங்களோடு எட்டு வருஷம் இருந்தார். இரண்டு பேரும் வெள்ளைச் சேலையில் மார்க்கெட்டுக்குப் போய் வருவார்கள். அத்தை பொட்டு வைத்துக்கொள்ளலாமே என்று பக்கத்து வீட்டு சுசீலா ஒருநாள் சொன்னபோது, "பாக்கறதுக்கு ஆளு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்கப் போய்விட்டார்.

மங்கைக்குத்தான் நிலைகொள்ளவில்லை. அப்பா பிறந்த ஊருக்கு எழுதிக் கேட்கட்டுமா என்று ஒருநாள் அம்மாவிடமே கேட்டாள். எழுத வேண்டாம் என்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

"எழுது. அவரு இருக்காரான்னு மட்டும் கேளு" என்றார் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "நான் இருக்கேன்னு எழுதாத" என்றார்.

மங்கை அப்படியே எழுதினாள். பதில் ஒன்றும் வரவில்லை.