ஊசியை விரதம் என்றேன்

வாரத்துக்கு ஓர் ஊசி. வயிற்றில், தொப்புளுக்குச் சற்றுத் தள்ளி நானே குத்திக்கொள்வேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதான். அதில் திருட்டு ஒன்றுமில்லை. ஆனாலும் சிங்கப்பூரில், எங்கள் பிடோக் வீட்டு ஃபிரிட்ஜில் அதைக் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்துத்தான் வைத்தேன். காரணம் என் வாய். "ஊசி போட்டு இளைக்கிறதெல்லாம் வாயைக் கட்டத் தெரியாதவங்க வேலை லா" என்று கண்டவர்களிடமெல்லாம் நக்கலடித்தவள் நான்.

மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தது. தைப்பூசப் பால்குடத்துக்காக மஞ்சள் ரவிக்கை தைக்கத் தேக்காவில் ஒரு தையல்கடைக்குப் போனபோது அண்ணியும் கூட வந்தார். தையல்காரர் பழைய அளவையும் புதிய அளவையும் சொன்னதும் அண்ணி வாயைப் பிளந்தார்.

"எப்படிடி?"

"கந்த சஷ்டியிலேருந்து ஒரு வேளைதான் சாப்பிடுறேன், அண்ணி. முருகன் பார்த்துக்கிட்டார்."

நாக்கு கூசவில்லை. தையல்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மறுநாளே அவரும் ஒரு வேளைக்கு மாறினார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் காலையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரியும், தினமும் போனில் சொல்வாரே. "கொஞ்சம் பார்த்து இருங்க அண்ணி" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் பேசினால் என் ஊசியைச் சொல்ல வேண்டிவரும்.

ஒன்பதாம் நாள் கிளமெண்டி எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெற்றியில் நான்கு தையல், கையில் டிரிப். மாத்திரையும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடப்பார்களா என்று டாக்டரம்மா திட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மூணு மாசம் விரதம் இருந்தே, உனக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் பக்தி பத்தல போல. முருகனுக்கு என்மேல என்ன கோவம்னு தெரியல."

கூனிக் குறுகிப் போனேன். மருந்தின் பெயர், என்றைக்கு ஆரம்பித்தேன், எங்கே ஒளித்து வைத்தேன், எல்லாவற்றையும் கொட்டினேன். கஞ்சி, பழம் என்று மூன்று வேளையும் ஏதாவது சாப்பிட்டதையும் சொன்னேன். அழுகை வந்தது, அவருக்கு முன்னால் அழவும் அசிங்கமாக இருந்தது.

அண்ணி கத்தவில்லை. கையைக்கூட விடவில்லை.

"ஊசி போடுறேன்னு என்கிட்ட சொல்ல உனக்கு வெட்கமா இருந்துச்சு, சரி. முருகன் பேர்ல பொய் சொல்ல வெட்கமா இல்லையா?"